தினமும் அல்ல, வாரம் ஒரு நாள்!

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளைப் பகுதித் தமிழர் பலருக்கு டாக்டர் ஒரு மாநிலத்தில், மருந்துக் கடை மறு மாநிலத்தில். தலைவலி மாத்திரைக்கு இதனால் பாதகமில்லை. கடுமையான சொரியாசிஸுக்கு மாத்திரை சாப்பிடுவோருக்கோ மிகுந்த எச்சரிக்கை தேவை.

செதில் செதிலாகத் தோல் உதிரும் இந்நோயைச் சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பர். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. களிம்புக்கு அடங்காதபோது டாக்டர்கள் தரும் முக்கிய மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு, 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து இது. புற்றுநோய்க்கும் பயன்படுவது.

சொரியாசிஸுக்கு இதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். 'ஆழ்ச்சயில் ஒரு திவசம்' என்று கேரளக் கடைக்காரர் சொல்வதற்குப் பொருள் இதுவே. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது தடைப்படும், உயிருக்கே ஆபத்து. பிறகு வீட்டார் நம்மூர்ப் பொருளில் 'திவசம்' கொடுக்க நேரிடும்!

ஆகவே, கிழமையைக் குறித்துக்கொள்க. ஒரு வாரம் மறந்துவிட்டால் மறு வாரம் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. போலிக் அமில மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் சாப்பிட வேண்டும். இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

தொடங்குமுன்னும் பின்னர் குறித்த இடைவெளியிலும் ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் சோதனை அவசியம். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று இதைத் தள்ளிப்போடுவது தவறு. மது கல்லீரலைக் கெடுக்கும், தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இம்மாத்திரையைத் தொடக்கூடாது. குழந்தை வேண்டும் என்றிருக்கும் தம்பதியர் முன்கூட்டியே டாக்டரிடம் கூற வேண்டும்.

காய்ச்சலுக்கோ மூட்டு வலிக்கோ வேறு டாக்டரிடம் போனாலும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்ஸசோல் இதனுடன் சேர்ந்தால் பேராபத்து. சில வலி மாத்திரைகளும் தீங்கு செய்யும்.

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, ரத்தக் கசிவு, வறட்டு இருமல், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

எல்லை தாண்டும் நண்பர்கள், மருந்தின் பெயர், அளவு, கிழமை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சிறு நோட்டை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பது நலம். எல்லையின் இரு புறமும் அது உதவும்.