சென்னைத் திரையரங்குகளின் உரிமை மாற்றங்கள்

சென்னையிலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலான அதன் தெற்குப் புறநகர்ப் பகுதிகளிலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திரையரங்குகள் திறக்கப்பட்டும், மூடப்பட்டும், கைமாறியும் வந்துள்ளன. ஒரு திரையரங்கு மூடப்படும்போது "படங்கள் ஓடவில்லை" என்பதே பொதுவாகக் கூறப்படும் காரணமாகும். எனினும், நிலத்தின் மதிப்பு, குத்தகை ஒப்பந்தம், அரசு வழங்கும் உரிமம் ஆகிய மூன்றுமே பல அரங்குகளின் ஆயுளை முடிவு செய்துள்ளன. இக்கட்டுரை அம்மாற்றங்கள் நிகழும் முறையையும் சில முதன்மையான எடுத்துக்காட்டுகளையும் விளக்குகிறது.

திரையரங்கின் கூறுகள்

ஒரு திரையரங்கு நான்கு கூறுகளைக் கொண்டது. அவை நிலம், கட்டிடமும் கருவிகளும், உரிமம், படங்களைத் திரையிடும் வணிகம் என்பனவாகும். இவை நான்கும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலம் ஒரு குடும்பத்திற்கும், கட்டிடம் மற்றொரு கூட்டு நிறுவனத்திற்கும் உரியதாக இருக்க, மூன்றாவது நபர் குத்தகைக்கு எடுத்து அரங்கை நடத்தலாம். உணவுக்கடையும் வண்டி நிறுத்துமிடமும் வேறு இருவருக்குத் தனித்தனியே விடப்படுவதும் உண்டு.

ஆகவே "திரையரங்கு கைமாறியது" என்பது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கக்கூடும்.

* விற்பனை: நிலமும் கட்டிடமும் புதிய உரிமையாளருக்குச் செல்லுதல்.
* குத்தகை மாற்றம்: உரிமையாளர் மாறாமல், நடத்துபவர் மட்டும் மாறுதல். பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் பெயர் மாற்றம் மட்டுமே தெரியும்.
* நிறுவன மாற்றம்: அரங்கை நடத்தும் நிறுவனத்தின் பங்குகளை வேறொரு நிறுவனம் வாங்குதல். இதில் கட்டிடம், ஊழியர், பெயர் எதுவும் உடனே மாறாமல் இருக்கலாம்.

சட்டமும் உரிமமும்

தமிழ்நாட்டில் திரையரங்குகள் 1955 ஆம் ஆண்டின் திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும், 1957 ஆம் ஆண்டின் விதிகளின் கீழும் இயங்குகின்றன. பொதுமக்களுக்குப் படம் காட்ட "சி" படிவ உரிமம் தேவை. மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை மாநகரில் காவல் ஆணையரும் இதனை வழங்குகின்றனர். கட்டிடத்தின் உறுதி, மின் இணைப்பு, தீயணைப்பு ஏற்பாடு, சுகாதாரம் ஆகியவை பற்றிய சான்றுகள் இதற்குத் தேவைப்படும். நிரந்தர அரங்குகள், பகுதி நிரந்தர அரங்குகள், "டூரிங் டாக்கீஸ்" எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகள் என வெவ்வேறு வகைகளுக்கு வெவ்வேறு நிபந்தனைகள் உண்டு.

விண்ணப்பதாரர் தாம் நிலத்தையும் கட்டிடத்தையும் சட்டப்படி அனுபவித்து வருவதைக் காட்ட வேண்டும் என்பது இவ்விதிகளுள் முதன்மையானது. குத்தகைக் காலம் முடிந்த பின்னும் அரங்கை விட்டு வெளியேறாத குத்தகைதாரருக்கு உரிமம் புதுப்பிக்கப்படலாமா என்ற வினா, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய குத்தகைதாரரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்றாலும், அவரது இருப்பு உரிம விதி கூறும் "சட்டப்படியான அனுபவம்" ஆகாது என்று அந்நீதிமன்றம் 1973 ஆம் ஆண்டில் கூறியது. இதன் விளைவு எளிதில் புரியக்கூடியது. குத்தகை முடிந்து உரிமையாளர் இசைவு தர மறுத்தால், அரங்கில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படம் நடத்துபவரைக் காப்பாற்றாது.

தொடக்க காலம்

சென்னையின் முதல் திரைக்காட்சி 1897 ஆம் ஆண்டில் விக்டோரியா பொது மண்டபத்தில் நடைபெற்றதாகக் கூறப்படுகிறது. நிலையான அரங்குகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றான "எலக்ட்ரிக் தியேட்டர்" அண்ணா சாலையில் (அன்றைய மவுண்ட் ரோடு) அமைந்திருந்தது. பேசாப்படக் காலத்திலேயே அது மூடப்பட்டு, கட்டிடம் அஞ்சல் துறையிடம் சென்றது. அஞ்சல்தலை சேகரிப்போருக்கான பிரிவு அங்கு இயங்கி வந்துள்ளது. திரையரங்கு வேறு பயன்பாட்டுக்கு மாறுவது அண்மைக்காலப் போக்கு அன்று என்பதற்கு இது சான்றாகும்.

1914 ஆம் ஆண்டில் ரகுபதி வெங்கையா "கெயிட்டி" அரங்கைத் தொடங்கினார். இந்தியர் ஒருவருக்கு உரிமையான சென்னையின் முதல் திரையரங்காக இது கருதப்படுகிறது. தங்கசாலைத் தெருவில் "கிரவுன்", புரசைவாக்கத்தில் "குளோப்" ஆகிய அரங்குகளும் அவருடையவை. குளோப் பிற்காலத்தில் "ராக்சி" எனப் பெயர் மாறியது. இவ்வரங்குகளுள் எதுவும் இன்று இல்லை.

பெயரும் உரிமையும் மாறிய அரங்குகள்

* மினர்வா: ஜார்ஜ் டவுனில் "நேஷனல்" என்ற பெயரில் தொடங்கப்பட்டு, மினர்வா எனப் பெயர் பெற்று, இறுதியில் "பாட்சா" என அழைக்கப்பட்டது.
* மிட்லண்டு: இராயப்பேட்டையில் இருந்த இவ்வரங்கு, நடிகை ஜெயப்பிரதாவின் உரிமையில் "ஜெயப்பிரதா" எனப் பெயர் மாறியது.
* சாந்தி: ஜி. உமாபதியால் கட்டப்பட்டு 1961 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் நடிகர் சிவாஜி கணேசனின் குடும்பத்திற்கு உரிமையானது. புதிய வளாகம் கட்டுவதற்காக 2016 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.
* நாகேஷ்: நடிகர் நாகேஷ் தியாகராய நகரில் கட்டிய இவ்வரங்கு பின்னர் திருமண மண்டபமாக மாறியது.
* ஏவிஎம் ராஜேஸ்வரி: வடபழனியில் 1979 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு 2019 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.
* அகஸ்தியா: தண்டையார்பேட்டையில் 1967 முதல் இயங்கிய அரங்கு. 2020 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.
* உதயம்: அசோக் நகரில் 1983 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பல்திரை வளாகம். 2024 ஆம் ஆண்டில் மூடப்பட்டு, நிலம் குடியிருப்புக் கட்டுமான நிறுவனம் ஒன்றிடம் சென்றது.

பல்திரை வளாகங்கள்

ஒரே வளாகத்தில் பல திரைகள் என்ற அமைப்பு சென்னைக்குப் பழையதே. 1964 ஆம் ஆண்டில் அண்ணா சாலையில் சஃபையர், எமரால்டு, புளூ டைமண்டு ஆகிய மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் இயங்கத் தொடங்கின. இவ்வளாகம் 1994 ஆம் ஆண்டில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டில் தேவி வளாகமும், 1974 ஆம் ஆண்டில் சத்யம் வளாகமும் திறக்கப்பட்டன.

சத்யத்தை நடத்திய எஸ்.பி.ஐ. சினிமாஸ் நிறுவனம் நகரின் பல இடங்களில் விரிவடைந்தது. திருவான்மியூரின் தியாகராஜா அரங்கு இந்நிறுவனத்தின் கைக்கு வந்து "எஸ்2 தியாகராஜா" ஆனது. 2018 ஆம் ஆண்டில் எஸ்.பி.ஐ. நிறுவனத்தின் 71.69 சதவீதப் பங்குகளை வாங்குவதாக பி.வி.ஆர். நிறுவனம் அறிவித்தது. இதற்கான தொகை ஏறத்தாழ 633 கோடி ரூபாய் ஆகும். பி.வி.ஆர்., ஐநாக்ஸ் ஆகிய இரண்டும் இணைவதாக 2022 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2023 ஆம் ஆண்டில் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு சத்யம், கட்டிடம் மாறாமலேயே ஐந்தாண்டுகளுக்குள் இரு நிறுவன மாற்றங்களைக் கண்டது.

தெற்குப் புறநகர்

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிச் சேவை 1931 ஆம் ஆண்டில் தொடங்கியது. இத்தடத்தை ஒட்டியும், இணையாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும் புறநகர்க் குடியிருப்புகள் வளர்ந்தன. தாம்பரத்தின் எம். ஆர்., வித்யா அரங்குகளும், குரோம்பேட்டையின் வெற்றி அரங்கும் இப்பகுதி மக்கள் நன்கறிந்தவை. தடத்திலிருந்து விலகி அமைந்த மாடம்பாக்கம், சேலையூர், அகரம்தென் முதலிய ஊர்களின் மக்களுக்கும் தாம்பரமே அருகிலுள்ள பெரிய வணிக மையமாக இருந்து வருகிறது. மாடம்பாக்கம் பேரூராட்சி 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

திரைப்பட வணிகத்தில் தாம்பரம் சென்னை நகரத்தைச் சேர்ந்ததன்று. தமிழ்நாடு பல விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதில் நகரம் தனிப் பகுதியாகவும், புறநகர் "செங்கல்பட்டு ஏரியா"வின் பகுதியாகவும் கருதப்படுகின்றன. படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் பெரும் செலவு ஆனதால், குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் எடுக்கப்பட்டன. பெரிய படங்கள் முதலில் நகர அரங்குகளில் ஓடின. புறநகர் அரங்குகள் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, குறைந்த கட்டணத்தில் அவற்றைத் திரையிட்டன. அருகருகே உள்ள இரு அரங்குகள் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொண்டு, ஓடி முடிந்த சுருள்களைப் பெட்டியில் வைத்து அடுத்த அரங்கிற்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது.

2000களின் நடுப்பகுதியில் எண்ணிமத் திரையிடல் பரவியது. சென்னையைச் சேர்ந்த கியூப் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். பிரதிச் செலவு குறைந்ததால் நகரிலும் புறநகரிலும் ஒரே நாளில் படம் வெளியாகத் தொடங்கியது. இது புறநகர் அரங்குகளுக்கு நன்மையாக அமைந்தது. அதே வேளையில், கருவிகளுக்கான கட்டணம் புதிய சுமையானது. இக்கட்டணம் தொடர்பான பூசலால் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை புதிய தமிழ்ப் படங்கள் வெளியிடப்படவில்லை.

பின்னர்ப் போட்டியும் புறநகருக்கே வந்து சேர்ந்தது. வேளச்சேரி, பல்லாவரம், நாவலூர் ஆகிய இடங்களில் பல்திரை வளாகங்கள் திறக்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் மீனம்பாக்கம் விமான நிலைய வளாகத்திலேயே ஐந்து திரைகள் கொண்ட அரங்கு ஒன்று திறக்கப்பட்டது. இப்போட்டியில், தம்மிடம் பணம் இருந்த ஒற்றை அரங்கு உரிமையாளர்கள் இருக்கை, ஒலி, படவீழ்த்தி ஆகியவற்றைப் புதுப்பித்துத் தொடர முயன்றனர். நீண்டகால உறுதி இல்லாத குத்தகைதாரர்களுக்கு அத்தகைய முதலீடு செய்வது கடினம். குத்தகை புதுப்பிக்கப்படாவிட்டால் செலவிட்ட பணத்தை மீட்க வழியில்லை என்பதே இதற்குக் காரணம்.

மூடப்படுவதற்கான காரணங்கள்

1. நிலமதிப்பு: அரங்கு கட்டப்பட்டபோது ஊரின் எல்லையாக இருந்த இடம், பின்னர் நகரின் நடுப்பகுதியாகிவிடுகிறது. நுழைவுச்சீட்டு வருவாய் அதே வேகத்தில் உயர்வதில்லை.

2. இருக்கைகளின் எண்ணிக்கை: 1,000 இருக்கைகளும் நான்கு காட்சிகளும் உள்ள அரங்கில் ஒரு நாளைக்கு 4,000 நுழைவுச்சீட்டுகள் விற்கலாம். படம் தோல்வியுற்று 400 மட்டுமே விற்றாலும், மின்சாரம், ஊதியம், பராமரிப்பு ஆகிய செலவுகள் பெரிதாகக் குறைவதில்லை. அதே அரங்கு 250 இருக்கைகள் கொண்ட நான்கு திரைகளாக இருந்தால், ஒரு படத்தின் தோல்வி கால் பங்கு வருவாயை மட்டுமே பாதிக்கும். மதுரையில் 1952 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட தங்கம் திரையரங்கின் இடத்தில் இன்று துணிக்கடை உள்ளது.

3. கட்டண வரம்பும் வரியும்: நுழைவுக் கட்டணத்தின் உச்ச வரம்பை அரசு முடிவு செய்கிறது. 2017 ஆம் ஆண்டில் பல்திரை வளாகங்களுக்கான வரம்பு 120 ரூபாயிலிருந்து 150 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு சூலையில் சரக்கு மற்றும் சேவை வரியுடன் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது, தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாட்கள் காட்சிகளை நிறுத்திப் போராடின.

4. பாகப்பிரிவினை: கூட்டு உரிமையில் உள்ள அரங்கை அடுத்த தலைமுறையினர் பலர் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஓர் அரங்கைப் பகுதிகளாகப் பிரித்து நடத்த முடியாது. ஆனால் விற்ற பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

5. பெருந்தொற்று: கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சு முதல் நவம்பர் 10 வரையிலும், மீண்டும் 2021 ஏப்ரல் இறுதி முதல் ஆகத்து 23 வரையிலும் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் மூடப்பட்டிருந்தன. வருவாய் இன்றி வாடகையும் பராமரிப்பும் தொடர்ந்ததால், முன்பே தயங்கிக்கொண்டிருந்த உரிமையாளர்கள் சிலர் மூடும் முடிவை எடுத்தனர்.

தாக்கங்கள்

மூடப்பட்ட அரங்குகளின் இடத்தில் வணிக வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், திருமண மண்டபங்கள் ஆகியவை எழுகின்றன. பழைய அரங்கின் பெயர், கட்டிடம் மறைந்த பின்னரும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக நீடிப்பதுண்டு.

ஒற்றை அரங்குகள் மறையும்போது மூன்று இழப்புகள் ஏற்படுகின்றன. முதலாவது, குறைந்த கட்டண வகுப்பு. தரை வகுப்பு, பெஞ்சு, பால்கனி என ஒரே அரங்கில் பல கட்டணங்கள் இருந்த நிலை, ஏறத்தாழ ஒரே கட்டணம் கொண்ட பல்திரை வளாகங்களில் இல்லை. இரண்டாவது, வேலைவாய்ப்பு. படவீழ்த்தியை இயக்குவதில் தேர்ந்தவர்கள், சீட்டு விற்பவர்கள், வாயிற்காவலர்கள் முதலியோருக்கு ஒத்த வேலை வேறிடத்தில் எளிதில் கிடைப்பதில்லை. மூன்றாவது, சிறு படங்களுக்கான இடம். நல்ல காட்சி நேரம் கிடைக்காத படங்களுக்குப் புறநகர் அரங்குகள் ஓரளவு வாய்ப்பளித்து வந்தன.

மறுபுறம், பல்திரை வளாகங்களில் ஒரே நாளில் பல மொழிப் படங்களைக் காண முடிகிறது. தூய்மை, பாதுகாப்பு, ஒலித்தரம் ஆகியவையும் பொதுவாக மேம்பட்டுள்ளன. தேவி, கேசினோ, ஆல்பர்ட் முதலிய பழைய அரங்குகள் புதுப்பிக்கப்பட்டுத் தொடர்ந்து இயங்கி வருவது, பழைய அரங்குகள் அனைத்தும் மறைந்தே தீரும் என்ற கருத்து சரியன்று என்பதைக் காட்டுகிறது. நிலத்தை விற்க வேண்டிய நெருக்கடி இல்லாமையும், புதுப்பிப்பதற்கான முதலீடும் ஒருங்கே அமையும் இடங்களில் பழைய அரங்குகள் நிலைக்கும் வாய்ப்பு மிகுதி எனலாம்.