பச்சைக்கொடி

சென்ற இடவப்பாதி மழைக்குச் சில நாட்கள் முன்னர், செங்கலில் வாழும் நம்மவர் ஒருவர் தம் வீட்டின் ஓடுகளைப் பிரித்து முற்றத்தில் அடுக்கிவிட்டார். புதுவீடு கட்டுவதற்குக் கடன் வேண்டி அவர் விண்ணப்பித்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் வழியில் நிறுத்தி, "அண்ணாச்சி, உங்க கடனுக்குப் பச்சைக்கொடி காட்டியாச்சு!" என்று கூறியதே இதற்குக் காரணம். அச்சொல்லை நம்பிக் கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்தார். நடந்ததோ வேறு. கீழ்நிலை அலுவலர் ஒருவர் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்து மேலிடத்திற்கு அனுப்பியிருந்தார்; அவ்வளவே. பணம் கைக்கு வரும்போது ஓணமும் கழிந்துவிட்டது. மழைக்காலம் முழுவதும் அக்குடும்பம் மூன்று பிள்ளைகளுடன் வாடகை அறையில் ஒடுங்கிக் கிடந்தது.

ஒரு சொல்லின் பொருளைச் சற்றே மிகுத்து எண்ணியதன் விலை இது. ஆதலின் அச்சொல்லை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

அனுமதி அளித்தலை ஆங்கிலேயர் 'கிரீன் லைட்' கொடுத்தல் என்பர். நம் நாட்டு ஆங்கிலத்தில் அது 'கிரீன் சிக்னல்' என வழங்குகிறது. தமிழ் நாளிதழ்கள் 'பச்சைக்கொடி காட்டினார்' என எழுதுகின்றன. மலையாள நாளிதழ்களிலும் 'பச்சக்கொடி' உண்டு. ரயில் தந்த வழக்குகளை ஏற்பது நம் மொழிக்குப் புதிதன்று. ஒருவரின் மறைவான செயல்களை வெளிப்படுத்துவதை 'வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுதல்' என்று நாம் சொல்வதில்லையா?

இதில் ஒரு வியப்பு உண்டு. இங்கிலாந்தில் ரயில் தோன்றிய தொடக்க காலத்தில் 'செல்லலாம்' என்பதற்கு வெள்ளை விளக்கே அடையாளம். சிவப்பு அபாயத்தைக் குறித்தது. பச்சையோ 'எச்சரிக்கையுடன் மெல்லச் செல்க' என்று பொருள்பட்டது. ஆனால் வீட்டு விளக்கும் தெருவிளக்கும் தொலைவில் வெள்ளையாகவே தெரியும். சிவப்புக் கண்ணாடி உடைந்தாலும் உள்ளிருக்கும் சுடர் வெள்ளையாகத் தோன்றி, வண்டியை அபாயத்துள் அழைத்துவிடும். இக்காரணங்களால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை விலக்கப்பட்டு, அதன் இடத்தைப் பச்சை பெற்றது.

இன்றும் ரயில்வேயில் பச்சைக்கு அளவான பொருளே உண்டு. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் நம் பாறசாலை நிலையத்தில் நாகர்கோவில் செல்லும் வண்டி ஒன்று நிற்பதாகக் கொள்வோம். பச்சை விளக்கு எரிகிறது. முன்னர் 'கார்டு' என்றும் 2022 முதல் 'ரயில் மேலாளர்' என்றும் அழைக்கப்படுபவர் கொடி காட்டுகிறார். வண்டி புறப்படுகிறது. முன்னுள்ள பகுதி தடையின்றி உள்ளது என்பதே அதன் பொருள். நாகர்கோவில் சென்று சேர்வது உறுதி என்பதன்று. குழித்துறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி அங்கே நின்றே தீரவேண்டும்.

'கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்' என்பதையும் இதனோடு மயங்கலாகாது. அது தொடக்க விழாவைக் குறிப்பது. பச்சைக்கொடி காட்டுதல் இசைவை மட்டுமே குறிப்பது. "என் மகளின் மேற்படிப்புக்கு அவள் பாட்டியும் பச்சைக்கொடி காட்டிவிட்டார்" என்பது பிழையற்ற வழக்கு. இசைவளிக்க வேண்டியவர் பாட்டி, அவர் இசைந்துவிட்டார்.

எனவே, உங்கள் விண்ணப்பத்திற்குப் பச்சைக்கொடி காட்டியாயிற்று என்று எவரேனும் சொன்னால், மகிழுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காட்டியவர் யார்? எதுவரைக்கும் காட்டினார்? அது எழுத்தில் உள்ளதா? இம்மூன்றிற்கும் விடை கிடைக்கும்வரை, அன்பர்களே, கூரையின் ஓடு கூரையிலேயே இருக்கட்டும்.