தானே வெளியாகும் வலைத்தளம்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட வறண்ட நிலப்பகுதியில் வழிச்செல்வார்க்கு முதலிற் புலப்படுவன கண்மாய்களே. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் அப்பகுதியில், தேக்கிய நீர் வெளிச்செல்லுதற்கு இரண்டு வாயில்களை முன்னோர் அமைத்தனர். ஒன்று மடை, மற்றொன்று கலுங்கு. மடையைத் திறக்க ஆள் வேண்டும். நீர்பாய்ச்சி வந்து திறந்தாலன்றி வயலுக்கு நீர் செல்லாது. கலுங்குக்கோ ஆள் வேண்டா. கண்மாய் நிறைந்து நீர் உரிய மட்டத்தைத் தொட்டவுடன் அது தானே வழிந்து அடுத்த கண்மாயை நோக்கிச் செல்லும். ஊரார் அனைவரும் உறங்கும் நள்ளிரவிலும் அவ்வொழுங்கு தவறுவதில்லை.

வலைத்தளங்களை வெளியிடுதற்கும் இவ்வாறே இருவேறு முறைகள் உள. திருத்தந்தோறும் ஒருவர் வந்து கோப்புகளைத் தம் கையால் எடுத்து வைக்கும் முறை மடை போன்றது. எழுதி ஒப்படைத்த அளவிலே, திருத்தம் தானே வாசகர்முன் சென்று சேரும் முறை கலுங்கு போன்றது. இப்பின்னைய முறை எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதனை நம்புதற்கு வேண்டிய காவல்கள் யாவை என்பதையும் ஈண்டு விளக்க முயல்வோம்.

நரிக்குடி மாணவர் சிலர் கூடித் தம் வட்டாரத்திற்கென ஒரு வலைத்தளம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கண்மாயில் நீர் எவ்வளவு நிற்கின்றது, மானாமதுரைக்கும் விருதுநகருக்கும் செல்லும் இரயில் நரிக்குடி நிலையத்திற்கு எப்போது வரும், மிளகாய் வற்றல் என்ன விலைக்குப் போகின்றது என்பன அதில் இடம்பெறும். பக்கங்களை அவர்கள் தத்தம் கணினியில் எழுதுவர். வாசகர் காணும் பக்கங்கள் இருப்பதோ தொலைவிலுள்ள வேறொரு கணினியில். சர்வர் என்று வழங்கும் அதனைத் தமிழில் வழங்கி என்பர். இங்கே எழுதியதை அங்கே கொண்டு சேர்ப்பதே வெளியீடு. பத்துக் கோப்புகள் திருத்தப்பட்டிருக்க, ஒன்பதை மட்டும் அனுப்பி ஒன்றை மறந்துவிடுதல் எளிது. ஆறாவது கோப்பு செல்லும்போது அலைத்தொடர்பு அறுந்துவிட்டால் தளத்தின் பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நிற்கும். ஒருவர் காலையில் திருத்தியதன்மேல் மற்றொருவர் மாலையில் தம்மிடமிருந்த பழைய படியை ஏற்றிவிடுதலும் உண்டு. பின்னர் எது யார் செய்தது என்று கேட்பின் விடை கூறுவார் இரார்.

இவை சிறு தளத்திற்குரிய சிறு துன்பங்கள் எனக் கருதற்க. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 1-ஆம் நாள் அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்திற்கு நேர்ந்தது இதுவே. அந்நிறுவனம் தன் புதிய நிரலை எட்டு வழங்கிகளில் வைக்க வேண்டியிருந்தது. பணியாளர் கைவழியே வைத்தபொழுது ஏழில் வைக்கப்பட்டது, எட்டாவது விடுபட்டது. அவ்வொன்றில் முன்னரே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நிரற்பகுதி, சந்தை தொடங்கியவுடன் விழித்தெழுந்து, வேண்டாத பங்குகளை ஓயாது வாங்கவும் விற்கவும் தலைப்பட்டது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 வகைப் பங்குகளில் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வணிகங்கள் நிகழ்ந்தன. இழப்பு 44 கோடி டாலருக்கு மேல். வைத்தவற்றை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் விதி அங்கு இல்லை. அது வலைத்தளம் அன்றாயினும், எழுதியதற்கும் இயங்குவதற்கும் இடையே மனிதக் கையொன்றே பாலமாயிருப்பின் விளைவது யாதென்பதற்கு இதனினும் தக்க சான்று நாம் அறிந்திலம்.

இனி அப்பாலத்தை வேறு வகையால் அமைத்தல் பற்றிக் கூறுவோம். அதற்கு முதற்கண் வேண்டுவது, எழுத்தின் ஒவ்வொரு நிலையையும் பேணிவைக்கும் ஏற்பாடு. தமிழ் பயில்வார்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஏடுகளைப் படியெடுப்போர் கைதோறும் ஒரு சொல் திரிந்து பாடபேதங்கள் மிகுந்ததையும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றார் சுவடி பல தேடி ஒப்புநோக்கி உழைத்ததையும் நாம் அறிவோம். ஒவ்வொரு படியும் எப்படியைப் பார்த்து, யாரால், எந்நாளில் எழுதப்பட்டது என்னும் குறிப்பு ஏடுகளில் தவறாது இருந்திருக்குமாயின் அன்னார் உழைப்பிற் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். நம் காலத்தில், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் சிதறி வாழும் தமிழன்பர் துணையால் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவருகின்றது. அதன் நூல்தோறும் முகப்பில் தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், இணையப்படி அமைத்தவர் யார் என்னும் குறிப்பினைக் காணலாம். இக்குறிப்பை மாந்தர் எழுதாமலே, ஒவ்வொரு திருத்தத்திற்கும் இயந்திரமே எழுதி வைக்குமாயின் அதுவே பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும்.

இவ்வகைக் கருவிகளுள் முன்னோடியானது 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் இயற்றியது. இன்று பெருவழக்காயிருப்பது கிட். லினக்ஸ் இயங்குதளத்தை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம் குழுவினர் அதுவரை விலையின்றிப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் கருவி அவ்வாறு கிடையாதொழியவே, 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனைத் தாமே எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில் இதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். கிட் என்பது ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல். தாம் இயற்றுவனவற்றிற்குத் தம் பெயரையே சூட்டுவது தம் வழக்கம் என்று அவர் நகையாடியதும் உண்டு.

கிட்டில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவைச் சுட்டி நிற்கும். எழுதினார் பெயரும் நாளும் காரணமும் அதனுள் அடங்கும். பதிவின் பெயரோ நாம் இடுவதன்று. உள்ளடக்கத்தைக் கணித்துப் பெறும் 40 எழுத்துக்களாலான குறியீடு அது. உள்ளே ஓர் எழுத்து மாறினும் குறியீடு மாறிவிடுமாதலின் பழம்பதிவைத் தெரியாமல் திருத்துதல் இயலாது. மேலும், களஞ்சியம் முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருத்தலால், அலைத்தொடர்பு கிட்டாத ஊரிலும் நாள் முழுதும் எழுதிப் பதியலாம். தொடர்பு கிடைத்த பொழுதில் புஷ் என்னும் ஆணையால் வழங்கிக்கு அனுப்பினாற் போதும். வழங்கியிடம் இல்லாதவை மட்டுமே சுருக்கப்பட்டுச் செல்லும். இடையில் தொடர்பு அறுந்தால் அவ்வனுப்புதல் நிறைவேறாது. பழைய நிலையே சிதையாது நிற்கும். நரிக்குடி போன்ற ஊரினர்க்கு இவ்வொரு பண்பே இக்கருவியைக் கைக்கொள்ளப் போதிய காரணம் என்பது எம் துணிபு.

இனிக் கலுங்கிற்கு வருவோம். கிட் களஞ்சியத்தினுள் ஹூக்ஸ் என்றொரு அடைவு உண்டு. ஹூக் என்பதைக் கொக்கி எனலாம். குறித்ததொரு நிகழ்ச்சி நேர்ந்தவுடன் கிட் தானே இயக்கும் சிறு நிரலே கொக்கி. நிரலை யாவரும் எம்மொழியிலும் எழுதலாம். பெயர் மட்டும் கிட் வகுத்ததாயிருத்தல் வேண்டும். வெளியீட்டிற்கு வேண்டுவன இரண்டே. ப்ரீ-ரிசீவ் என்பது, அனுப்பியவை வந்து சேர்ந்தும் இன்னும் ஏற்கப்படாத நிலையில் இயங்குவது. போஸ்ட்-ரிசீவ் என்பது ஏற்கப்பட்ட பின்னர் இயங்குவது.

வழங்கியில், கோப்புகளை விரித்து வைக்காது வரலாற்றை மட்டும் கொண்ட வெறுங்களஞ்சியம் ஒன்றை அமைப்பர். வலைத்தளம் இருக்கும் அடைவு வேறு. மாணவர் தம் திருத்தத்தை அனுப்பியவுடன் போஸ்ட்-ரிசீவ் இயங்கும். அதற்குக் கிட் மூன்று செய்திகளைத் தரும்: முந்திய பதிவின் குறியீடு, புதிய பதிவின் குறியீடு, எக்கிளையில் மாற்றம் நேர்ந்தது என்பது. வந்தது முதன்மைக் கிளையாயின் அப்பதிவிலுள்ளபடி கோப்புகளைத் தள அடைவில் விரித்து வைக்குமாறு நிரல் எழுதப்பட்டிருக்கும். சோதனைக் கிளையாயின் ஒன்றுஞ் செய்யாது விடும். நிரல் முழுவதும் பத்து வரிகளுக்குள் அடங்குவதேயாம்.

இந்நிரலை எழுதியதும் எல்லாம் முடிந்தது என்று மகிழ்வார் பலர். ஆனால் கலுங்கு நன்னீரையும் சேற்று நீரையும் பிரித்தறியாது. பிழையான பக்கமும் அதே விரைவில் வாசகரைச் சென்றடையும். ஆதலின் ப்ரீ-ரிசீவ் கொக்கியே காவலன். அது வந்தவற்றைச் சோதித்து, குறை காணின் சுழியல்லாத எண்ணைத் திருப்பி முடியும். உடனே கிட் அவ்வனுப்புதலை முற்றும் மறுக்கும். கண்மாய்ப் பட்டியலில் நீர்மட்டம் எழுதாது விடுபட்டிருத்தல், ஒருங்குறியில் அமையாது பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் கலந்திருத்தல், இல்லாத பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்திருத்தல் ஆகியவற்றை எல்லாம் இக்கொக்கியாற் கண்டு தடுக்கலாம். போஸ்ட்-ரிசீவிற்கு மறுக்கும் ஆற்றல் இல்லை. சோதனையை அதனுள் வைப்பார், நீர் வழிந்தபின் கரையைப் பார்ப்பாரோ டொப்பர்.

வேறு சில நுட்பங்களும் உள. கொக்கிக் கோப்பிற்கு இயக்க உரிமை கொடாவிடில் கிட் அதனை இயக்காமற் கடந்துவிடும்; தளம் ஏன் மாறவில்லை என்று பலர் திகைப்பது இதனாலேயே. களஞ்சியத்தைப் படியெடுத்தால் கொக்கிகள் உடன் வாரா. இது குறையன்று, அறியாதார் ஒருவர் களஞ்சியத்தைப் படியெடுத்த அளவில் அவர் எழுதிய நிரல் நம் கணினியில் இயங்குமாயின் அதனினும் பெரிய இடர் இல்லை. கோப்புகள் ஒவ்வொன்றாகவே விரிக்கப்படுமாதலின், அந்நொடியில் வந்த வாசகர் பாதி புதிய தளத்தைக் காணக்கூடும். இதனைத் தவிர்க்க விரும்புவார் புதிய பதிவைத் தனியோர் அடைவில் முழுதும் விரித்து, பின்னர்த் தளத்தின் சுட்டியை அதன்பால் திருப்புவர். அவ்வாறு செய்யின் பழைய அடைவும் கைவசம் இருக்கும்.

வெளியான பின் பிழை தெரிந்தால் செய்வதென்ன? வழங்கியிற் புகுந்து கையால் திருத்துதல் கூடாது. அடுத்த திருத்தம் வரும்போது அக்கைத்திருத்தம் அழிந்துபோம். வரலாற்றிலும் அதற்குச் சுவடிராது. ரிவர்ட் என்னும் ஆணை, பிழைப்பதிவிற்கு நேர்மாறான புதிய பதிவொன்றை ஆக்கித் தரும். அதனை அனுப்பினால் அதே கொக்கி இயங்கி முன்னை நிலையைக் கொணரும். பிழை செய்ததும் நீக்கியதும் இரண்டும் ஏட்டில் நிற்கும்.

ஏட்டில் நிற்றல் ஒருவகையில் ஆபத்துமாகும். கடவுச்சொல்லை ஒருமுறை பதிந்துவிட்டால், மறுநாள் நீக்கினும் பழைய பதிவுகளில் அது கிடக்கும். களஞ்சியம் பெற்றார் யாவரும் படிக்கலாம். அங்ஙனம் நேர்ந்தவிடத்து அச்சொல்லையே மாற்றிவிடுதல் தக்கது. கிட்டின் வரலாற்று அடைவை வலைத்தளத்தின் அடைவினுள்ளேயே வைப்பதும் தீங்கு. வழங்கி அதனை மறைக்காவிடில், வழிப்போக்கரும் தளத்தின் வரலாறனைத்தையும் இறக்கிக்கொள்வர். வெறுங்களஞ்சியத்தை வேறிடத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்த வழங்கி இல்லாதார் மனந்தளர வேண்டுவதில்லை. 2008-இல் தொடங்கிய கிட்ஹப் தன் பேஜஸ் என்னும் வசதியால் எளிய தளங்களை விலையின்றி வெளியிட இடந்தருகின்றது. அனைவர்க்கும் 2019-இல் திறந்துவிடப்பட்ட ஆக்சன்ஸ் என்னும் ஏற்பாட்டினால், சோதித்தலையும் வெளியிடுதலையும் அங்கேயே நிகழ்த்தலாம். கொக்கி நம் வழங்கியில் இல்லாமல் அவர்கள் இடத்தில் இருக்கும். செய்யும் தொழில் ஒன்றே. ஆயினும் முதலில் ஒரு பழைய கணினியில் வெறுங்களஞ்சியம் அமைத்து, பத்து வரியில் ஒரு போஸ்ட்-ரிசீவ் எழுதி, அது இயங்குவதைக் கண்ணாரக் கண்டபின் அவ்விடஞ் செல்வார்க்கு, அங்கே மறைவில் நிகழ்வது யாதென்பது எளிதில் விளங்கும்.