மென்பொருட் பதிவுகளும் காலக் குறிப்பும்

பல மென்பொருள்கள் இணைந்து இயங்கும் மின்நூலகத்தில் ஒவ்வொன்றும் தன் நிகழ்வுகளைத் தனித்தனியே பதிகின்றது. அப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டுவது எளிது, காலவரிசைப்படுத்துவதே கடினம். 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளையொட்டி உருவாக்கிய சிஸ்லாக் முறை யூனிக்ஸ் கணினிகளின் பொதுவழக்காயிற்று. 2001இல் ஆர்.எஃப்.சி. 3164 அவ்வழக்கை ஆவணப்படுத்தியது. அதன்படி ஒரு பதிவில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு இல்லை, நேர மண்டலமும் இல்லை. மன்னனின் இயற்பெயரின்றிப் ‘பரகேசரி’ என்னும் பட்டத்தையும் யாண்டையும் மட்டும் தரும் சோழர் கல்வெட்டுக்குக் காலம் கணிக்க முயன்றோர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர்.

சென்னையிலும் தொராண்டோவிலும் உள்ள வழங்கிகள் தத்தம் உள்ளூர் நேரத்தைப் பதிந்தால், ஒரே நொடியில் நிகழ்ந்தவை குளிர்காலத்தில் பத்தரை மணி இடைவெளியில் தோன்றும். ஓலைச்சுவடிப் படிமக் கோப்பு ஒன்று அழிந்தது, அதற்குப் படியெடுப்பதற்கு முன்போ பின்போ என்பதை அப்பதிவுகளைக் கொண்டு துணிய இயலாது.

2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5424 காலக் குறிப்பில் ஆண்டையும் நேர வேறுபாட்டையும் சேர்த்தது. எனினும் பழைய கருவிகள் பல முந்தைய வடிவிலேயே எழுதுகின்றன. விடுபட்ட ஆண்டை ஊகித்துச் சேர்க்கும் மென்பொருள், டிசம்பர் 31இல் எழுதப்பட்டு ஜனவரி 1இல் வந்துசேரும் பதிவைப் புத்தாண்டிற்குரியதாக்கிவிடக்கூடும். ஆதலின் வந்துசேர்ந்த நேரத்தைத் தனியே குறிப்பதோடு, மூல வரியையும் மாற்றமின்றிக் காத்தல் வேண்டும்.