வேண்டாத தொலைபேசி அழைப்புகள்

வெளி மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களுக்கு இக்காலத்தில் ஒரு புதிய தொல்லை வாய்த்திருக்கிறது. பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் தொலைபேசி ஒலிக்கிறது. "பத்திரிகைச் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்துச் செய்யத் தங்களுக்கு வந்துள்ள எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறது ஒரு ஹிந்திக் குரல். பாதி புரிந்தும் புரியாமலும் "ஹாங், ஹாங்" என்னும் பெரியோர் அவ்வெண்ணையும் சொல்லிவிடுகின்றனர். அதுவோ பாங்கிக் கணக்கின் திறவுகோல்!

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குப் பொருந்தலாம், வாணிபத்துக்குப் பொருந்தாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இசைவு தெரிவித்தாலன்றி ஒப்பந்தம் இல்லை. கேளாத பத்திரிகைக்கு, மறுமொழி கூறாத காரணத்தால் மட்டும் எவரும் கடன்காரராக மாட்டார்.

விளம்பர அழைப்புகள் வேண்டாதோர் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணமில்லை. பின்னரும் தொல்லை நீடிப்பின் அதே எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் மோசக்காரர் பதிவேட்டுக்கு அஞ்சார். பணம் பறிபோனால் கணமும் தாமதியாது 1930-க்குத் தெரிவித்தல் வேண்டும். பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு.

அந்நியக் குரலுக்கு மறுமொழி கூறாது தொலைபேசியை வைத்துவிடுதல் மரியாதைக் குறைவன்று. இதனை வீட்டு மூத்தோர்க்கு இன்றே எடுத்துரைப்போமாக.