கெட்டிமேளத்துக்குத் தயாராகும் கேமரா

(கல்யாண வீடியோ தொடர் - 6)

தாலி கட்டும் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை முடிச்சுப் போடச் சொல்லவும் முடியாது. கல்யாண வீடியோகிராபர் கேமரா முதல் கார்டு வரை எதை வாங்கினாலும், எதை மாட்டினாலும், அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கேமரா வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டு கார்டு ஸ்லாட் இருக்கிறதா என்பதைத்தான். ஒரே காட்சி இரண்டு கார்டிலும் பதிவானால், ஒன்று பழுதானாலும் கல்யாணம் தப்பிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டை இரண்டரை மணி நேரத்துக்கு நம்பலாம். முகூர்த்தத்துக்கு முன்பே காலி கார்டும் முழு சார்ஜ் ஏறிய பேட்டரியும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில அலங்கார எல்இடி விளக்குகள் அதற்கும் அடங்காது. ஆகவே முன்னதாகவே மேடையை எடுத்துப் பாருங்கள். காசி யாத்திரைக்கு வெயிலில் இறங்கும்போதும் ஷட்டரை மாற்றாமல் என்.டி. ஃபில்டரைப் போட்டுக்கொள்ளலாம்.

கிம்பலில் அவசரம் கூடாது. பேட்டரி, கார்டு, ஃபில்டர் எல்லாம் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றி, மோட்டாரை அணைத்த பிறகே பேலன்ஸ் பார்க்க வேண்டும். லென்ஸை மேல்நோக்கித் திருப்பிக் கையை எடுத்தால் கேமரா அப்படியே நிற்க வேண்டும். அது டில்ட். பிறகு ரோல். கடைசியாக பேன்: கிம்பலையே சாய்த்துப் பிடித்தாலும் கேமரா தானாகச் சுழலக் கூடாது. இதில் குறை இருந்தால் மோட்டார் திணறும், படம் நடுங்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கிம்பலுக்கு எடை குறைந்த 35 மி.மீ. லென்ஸ் போதும். 24-70 ஜூமை மோனோபாடில் நிற்கும் கேமராவுக்குக் கொடுங்கள்.

ஒலியை ஆட்டோவில் விடவே விடாதீர்கள். தவில் எழுந்ததும் ஆட்டோ எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடும். அடங்கியதும் மண்டபத்து இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரம் வாசிக்கும்போதே மேனுவலில் லெவல் பாருங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றால், கெட்டிமேளம் அதைத் தாண்டி எழுந்தாலும் ஒலி சிதறாது. மந்திரத்துக்குப் புரோகிதர் அருகே சிறு ரெக்கார்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

சினிமா கேமராவில் காணும் கேஜ், மேட் பாக்ஸ், ஃபாலோ ஃபோகஸ் மீது ஆசை வருவது இயல்பு. அங்கே ஃபோகஸுக்கென்றே தனி உதவியாளர் இருப்பார். உறவினர் நெருக்கியடிக்கும் மணமேடையில் நீங்கள் தனி ஆள்; விடியலில் தூக்கிய கேமராவை மதியப் பந்தி வரை இறக்க முடியாது. முதலில் எடையைக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு ஜோடி கார்டு வாங்குங்கள். அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவப்போவது அதுதான்.

(அடுத்த வாரம்: மணமேடைக்கு விளக்கு வைப்பது எப்படி?)