தோலால் பெயர் பெற்ற திருக்கை

ஆம்பூரில் பதனிட்ட ஆட்டுத் தோல் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல நுண்துளைகள் வளைந்த வரிசைகளில் தெரியும். மயிர் இருந்த இடங்கள் அவை. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் கழன்றாலும் அதன் தடம் போவதில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் பழகிய கண்ணுக்கு, ஆடா மாடா என்று சொல்ல அந்தத் தடமே போதும்.

மயிருக்குப் பதில் பல் முளைத்த தோலும் உண்டு. அது திருக்கையின் தோல். நடுவே கூழ், சுற்றிலும் டென்டின், மேலே எனாமல் போன்ற பூச்சு என்று நம் வாயில் உள்ள பல்லின் அமைப்பேதான் அதற்கும். சுண்ணாம்பும் சல்ஃபைடும் மயிரின் கெரட்டினை இளக்கிவிடும்; தோலில் வேர்விட்ட இந்தப் பற்களை அசைக்காது. ஆனால் பற்களுக்கு அடியில் இருப்பது ஆட்டுத் தோலில் உள்ள அதே கொலாஜன் இழைகள். பதனிடுதல் இறுக்கிக் கட்டுவது அவற்றைத்தான்.

இந்தப் பல் தோலின் உச்சம் யூரோஜிம்னஸ் ஆஸ்பெரிமஸ். முள்ளம்பன்றித் திருக்கை என்று சொல்லலாம். ஜெர்மானியர்களான பிளாக், ஷ்னைடர் இருவரும் 1801இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது அவர்களிடம் முழு மீன்கூட இல்லை. மும்பையிலிருந்து கிடைத்த காய்ந்த தோல்தான் இருந்தது. அதை வைத்தே ‘மிகச் சொரசொரப்பானது’ என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள்.

மற்ற திருக்கைகள் பலவற்றின் வாலில் நச்சு முள் இருக்கும். இதற்கு அது கிடையாது. முதுகு முழுக்க முள் இருக்க, வாலில் எதற்கு? வெப்பக் கடல்களில் ஆழம் குறைந்த மணலிலும் பவளச் சிதறலிலும் கடற்புல்லிலும் படுத்துக் கிடக்கும். உடல் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். வாய் அடியில் இருப்பதால், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியே நீரை இழுத்துச் சுவாசிக்கும். மணல் செவுளுக்குள் போகாது.

வாள்பிடி வழுக்காதிருக்கவும் கேடயத்தைப் போர்த்தவும் இந்தத் தோலைத் தேடிப் பிடித்தார்கள். ஆட்டின் கதை வேறு. கறிக்கு அறுத்த ஆட்டில் மிஞ்சிய தோல்தான் டேனரிக்கு வருகிறது. ஆடு அடிக்கடி குட்டி போடும். திருக்கை மெதுவாக வளர்ந்து, கொஞ்சமே குட்டி ஈனும். பிடித்த வேகத்துக்கு அதனால் பெருக முடியாது. 2001இல் இந்திய அரசு இந்த மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கு உள்ள காவல் இதற்கும் வந்தது.

செருப்புக்கும் பைக்கும் ஆட்டுத் தோல் போதும். பல் முளைத்த தோல் கடலிலேயே இருக்கட்டும்.